அஞ்சல் பெட்டியில் பேர் ஒட்டியாச்சா?

சென்ற மாதம் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, 2018இல் நான் ஒரு பருவம் ஜெர்மனியின் ஹாலே நகரில் பரிமாற்ற மாணவியாகப் படித்தேன் என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லிவிட்டேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு தென்காசியிலிருந்து உவரி வரை கடிதம் வந்துவிட்டது. நம் பக்கத்துப் பிள்ளைகள் இத்தனை பேர் வெளிநாடு கிளம்புகிறார்கள் என்பது எனக்கே புதுச்செய்தி. சரி, இந்த மாதம் முழுக்க அதுதான். நகைக்கடன், மாமியார், முடி கொட்டுதல் பற்றிக் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: அக்கா, நான் எம்.எஸ்சி. முதலாண்டு. செப்டம்பர் கடைசியில் ஒரு பருவத்துக்கு ஜெர்மனி போகிறேன். எங்கள் வீட்டில் மதுரையைத் தாண்டிப் போனவர்களே குறைவு. அங்கே போய் இறங்கியதும் முதல் வேலையாக என்ன செய்ய வேண்டும்?
— ஒரு மாணவி, முருகன்குறிச்சி

பதில்: அஞ்சல் பெட்டியில் உன் பெயரை ஒட்டு, தங்கச்சி. சிரிக்காதே. அங்கே தெருப்பெயரும் கட்டட எண்ணும்தான் பெரும்பாலும் முகவரி. ஒரு கட்டடத்தில் முப்பது பேர் இருந்தாலும் கதவு எண் எழுதுவது அபூர்வம். தபால்காரர் கீழே வரிசையாக இருக்கும் பெட்டிகளில் பெயரைப் பார்த்துப் போட்டுவிட்டுப் போவார். பெயர் இல்லையா, கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். ‘மாடியில புதுசா ஒரு பிள்ள வந்திருக்கே, அதுக்குத்தான் இருக்கும்’ என்று விசாரித்துக் கொடுக்க அங்கே ஆள் கிடையாது. என் வங்கி அட்டை அப்படித்தான் திரும்பிப் போனது. மறுபடி வந்து சேர 12 நாள். அந்த 12 நாளும் கையிலிருந்த ரொக்கத்தைத் தினம் ராத்திரி எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். எண்ணினால் கூடுமா என்ன!

பெயர் என்றால் எந்தப் பெயர்? அதிலும் ஒரு வம்பு இருக்கிறது. நமக்கு இருப்பது இனிஷியல். கடவுச்சீட்டில் குடும்பப்பெயருக்கான கட்டத்தில் அப்பாவின் பெயர் போய் உட்கார்ந்துவிடுகிறது. ஆகவே அங்கே எல்லாக் காகிதத்திலும் நீ உன் அப்பாதான். என் அப்பாவுக்கு எங்கள் குலசாமியின் பெயர், சுடலையில் தொடங்கி முத்துவில் முடியும். மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்தபோது ஒரு அம்மா வெளியே வந்து ‘ஃப்ராவ்’ என்று ஆரம்பித்து அப்பா பெயரை எப்படியோ உருட்டிக் கூப்பிட்டார். பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல் ஃப்ராவ். யாரோ போகட்டும் என்று நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாம் தடவைதான் பொறிதட்டியது. முதலெழுத்தான ‘சு’வை அவர்கள் வண்டு பறக்கிற மாதிரி இழுத்துச் சொல்வார்கள். எங்கள் சுடலை மாடசாமி காதில் விழுந்திருந்தால் கோயில் கொடைக்கு வராமலே இருந்திருப்பார். பெட்டியில் அந்தப் பெயரும் வேண்டும், உன் பெயரும் வேண்டும். இரண்டையும் ஒட்டிவிடு.

அடுத்தது பதிவு. குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்துக்குப் போய், இன்ன விலாசத்தில் நான் இருக்கிறேன் என்று பதிய வேண்டும். ‘ஆன்மெல்டுங்’ என்பார்கள். கடவுச்சீட்டோடு, வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட ஒரு தாளும் கேட்பார்கள். அதன் பெயர் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேடிகுங். சொல்லிப் பழக வேண்டாம், எழுதி வைத்துக் காட்டினால் போதும். விடுதி அறை என்றால் விடுதி நிர்வாகம் கொடுக்கும். இந்தப் பதிவுச் சீட்டு ஒன்று கையில் வந்தால்தான் மற்ற கதவுகள் திறக்கும். தங்கும் அனுமதிக்கும் அதைத்தான் கேட்பார்கள், பெரும்பாலான வங்கிகளிலும் அதைத்தான். முன்கூட்டியே நேரம் குறிக்காமல் போனால் உள்ளே விடமாட்டார்கள், தெரிந்த அண்ணாச்சி ஒருத்தரைப் பிடித்துப் போகிற வழியும் இல்லை. செப்டம்பர், அக்டோபரில் எல்லா மாணவர்களும் ஒரே நேரத்தில் வருவதால் இடம் கிடைப்பது கஷ்டம். பாளையங்கோட்டையில் இருக்கும்போதே நேரம் குறித்துவிடு.

மூன்றாவது, என்றைக்குப் போய் இறங்குகிறாய் என்று நாள்காட்டியைப் பார். நான் இறங்கியது அக்டோபர் 2, செவ்வாய்க்கிழமை ராத்திரி. மறுநாள் 3ஆம் தேதி, இரண்டு ஜெர்மனிகளும் 1990இல் ஒன்றான நாள், நாடு முழுக்க விடுமுறை. கடை என்று ஒன்று திறந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். நம் ஊரில் தீபாவளியன்றுகூட ஒரு பெட்டிக்கடையாவது பாதி ஷட்டரைத் தூக்கி வைத்திருக்கும். அங்கே தெருவில் காற்று மட்டும்தான். ரயில் நிலையத்தில் வாங்கிவந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்தால் சோடா. குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆச்சி கட்டிக்கொடுத்த முந்திரிக்கொத்தையும் சோடாவையும் வைத்து ஒன்றரை நாள் ஓட்டினேன். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் விடுமுறையன்றும் திறந்திருக்கும் என்பதும், எங்கள் ஊர் நிலையம் என் அறையிலிருந்து டிராமில் கால்மணி நேரம் என்பதும் வியாழக்கிழமை தெரிந்தது. அதற்கப்புறம் முந்திரிக்கொத்து என்றாலே எனக்கு ஏப்பம் வருகிறது.

*

கேள்வி: தங்கச்சி, என் மகள் படிக்கப் போய் 16 நாள் ஆகிறது. முதல் வாரம் ரோடு, மரம், ரயில் என்று எல்லாம் வீடியோவில் காட்டினாள். இப்போது போனை எடுப்பதே இல்லை. எடுத்தாலும் அழுகை. காலையில் விளக்கேற்றியதும் முதல் வேலையாக அவளைத்தான் கூப்பிடுகிறேன். அவள் அப்பா ‘படிச்சது போதும், டிக்கெட் போட்டு வரச் சொல்லு’ என்கிறார். என்ன செய்ய?
— ஒரு தாய், கல்லிடைக்குறிச்சி

பதில்: அம்மா, நீங்கள் எத்தனை மணிக்கு விளக்கேற்றுவீர்கள்? ஆறு மணி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மகள் இருப்பதும் ஜெர்மனிதான் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு ஆறு என்றால் அவளுக்கு அதிகாலை இரண்டரை. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதன்பிறகு ஒன்றரை. தூக்கத்தில் எழுப்பினால் உள்ளூரில் இருக்கிற பிள்ளையே அழும்.

அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி அந்த 16 நாள். முதல் வாரத்தில் அழ நேரம் இருக்காது. சாவி வாங்க, கையெழுத்துப் போட, வழி தவறி வேறு டிராமில் ஏற என்று நாள் ஓடிவிடும். பார்ப்பதெல்லாம் புதுசு, எல்லாவற்றையும் வீட்டுக்குக் காட்டத் தோன்றும். இரண்டாம் வாரம் முடிகிற வேளையில்தான் உள்ளே இறங்கும். வகுப்பு ஆரம்பித்திருக்கும், பாதி புரியாது. வரவேற்புக் கூட்டத்தில் சிரித்துப் பேசிய பிள்ளைகள் அவரவர் வேலையில் இருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கின பிள்ளை கடையில் கொத்தமல்லி எங்கே என்று கேட்கத் தெரியாமல் நிற்கும். அறைக்கு வந்தால் சத்தமே இருக்காது. பக்கத்து வீட்டு டிவி, குக்கர் விசில், மைக்செட், பால்காரர் மணி, ஒன்றும் கிடையாது. நமக்கு இருட்டுவது வருஷம் முழுக்க ஆறு, ஆறரைக்கு. அங்கே அக்டோபர் கடைசியில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் போய்விடும், டிசம்பரில் நாலு மணிக்கு.

எனக்கும் மூன்றாவது வாரம்தான் அழுகை. அந்த அக்டோபரில் இங்கே தாமிரபரணி மகா புஷ்கரம். உங்களுக்குச் சொல்ல வேண்டுமா, உங்கள் ஊர்ப் படித்துறையிலும் கூட்டம் தாங்காமல் இருந்திருக்கும். என் போனில் நிமிஷத்துக்கு ஒரு வீடியோ. குறுக்குத்துறையில் அம்மா, பாபநாசத்தில் சித்தி, தலையில் தண்ணீர் சொட்டச் சொட்டச் சின்ன மாமா. சொந்தக்காரர் அத்தனை பேரும் ஆற்றில் நிற்கிறார்கள், நான் மட்டும் காயப்போட்ட காலுறைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஹாலேயிலும் ஒரு ஆறு உண்டு. சாலே என்று பெயர். பைஸ்னிட்ஸ் என்று ஒரு ஆற்றுத்தீவு, அதையே பூங்காவாக வைத்திருக்கிறார்கள். அங்கே போய், சப்பாத்தைக் கழற்றிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று காலை உள்ளே விட்டேன். எலும்பு வரைக்கும் குளிர். பின்னாலிருந்து ஒரு சத்தம். நாயோடு நடந்துவந்த தாத்தா ஒருவர் கையை ஆட்டி ஏதோ சொல்கிறார். ‘கால்ட்’, அதாவது குளிர், என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது. ஆற்றில் இறங்கக்கூடாது போலிருக்கிறது, அபராதம் போடப்போகிறார் என்று பயந்துவிட்டேன். அவர் சொன்னது சளி பிடிக்கும் என்று! எங்கள் ஊர் ஆற்றில் இன்றைக்குத் திருவிழா என்று எனக்குத் தெரிந்த நாலு ஜெர்மன் சொல்லைச் சேர்த்துச் சொன்னேன். இலக்கணம் எப்படியும் தப்பு. என்ன ஆறு என்று கேட்டார். தாமிரபரணி. மூன்று தடவை முயன்றார், ‘தாமிர’ வரைக்கும் வந்தார், அதற்குமேல் நகரவில்லை. நாய் பொறுமையிழந்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்த ஊருக்குப் போன பிறகு கடைக்காரர், அலுவலர், ஆசிரியர் அல்லாத ஒருவரிடம் நான் பேசியது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு ராத்திரி அறையில் சாப்பாடு இறங்கியது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நீங்கள் அல்வாத்துண்டு மாதிரி ஊரைத் தினம் அவள் வாயில் ஊட்டினால் அந்தத் தாத்தாவிடம் பேச அவளுக்கு நேரம் கிடைக்காது. ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ராத்திரி எட்டரை சரியாக வரும், அவளுக்கு மாலை ஐந்து, பிறகு நாலு. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். ‘சாப்பிட்டியா’ என்று கேட்காதீர்கள், சாப்பிடாத பிள்ளைகூடச் சாப்பிட்டேன் என்றுதான் சொல்லும். என்ன வாங்கினாய், எவ்வளவு ஆச்சு, யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்று கேளுங்கள். அழுதால் அழட்டும், போனை அப்பாவிடம் கொடுக்காதீர்கள்.

டிக்கெட் போட வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆறேழு வாரம் ஆன பிறகும் வகுப்புக்குப் போகாமல், தூங்காமல், அறையைவிட்டு வெளியே வராமல் இருந்தால் அது ஊர் ஏக்கம் என்று விட்டுவிடக்கூடாது. அங்கே மாணவர் விடுதியும் உணவகமும் நடத்தும் ‘ஸ்டூடியரன்டன்வெர்க்’ என்ற அமைப்பு பெரும்பாலான ஊர்களில் மனநல ஆலோசனையும் தருகிறது. பேசுவது வெளியே போகாது. பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். மகளிடம் இதை இப்போதே சொல்லி வையுங்கள், நீ பைத்தியமா என்று கேட்கிற தொனி இல்லாமல்.

*

கேள்வி: டீச்சர், நான் கடல்தொழில் செய்கிறவன். மகன் ஹாம்பர்க்கில் ஒரு பருவம் படிக்கப் போகிறான். கருவாடு, நெய், கருவேப்பிலை, மிளகாய்ப்பொடி எல்லாம் கொடுத்துவிடலாம் என்கிறாள் அவன் அம்மா. விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள் என்கிறான் மகன். யார் சொல்வது சரி?
— ஒரு தகப்பனார், உவரி

பதில்: அண்ணாச்சி, இரண்டு பேரும் பாதிப் பாதி சரி. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் இறைச்சியும் பால்பொருளும் பையில் கொண்டுவரக் கூடாது. நெய் அதில் மாட்டிக்கொள்ளும். பச்சைக் கருவேப்பிலைக்குத் தாவரச் சான்றிதழ் வேண்டும், ஆகவே அதுவும் வேண்டாம். காயவைத்துப் பொடியாக அரைத்துவிடுங்கள். மிளகாய்ப்பொடி, எள்ளுப்பொடி, புளி, அப்பளம் தாராளமாகப் போகலாம். நல்லெண்ணெயை உடையாத பாட்டிலில் ஊற்றி, பெரிய பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். தேங்காயெண்ணெயை அங்கே போய் வெளியே வைத்தால் மெழுகாக இறுகிக் கிடக்கும், பயப்பட வேண்டாம்.

கருவாட்டுக்கு வருகிறேன். நீங்கள் நம்பமாட்டீர்கள், மீனுக்கு விலக்கு உண்டு! சொந்தச் சாப்பாட்டுக்கு என்றால் 20 கிலோ வரை விடுகிறார்கள், உலர்த்தியதும் அதில் சேரும். சட்டம் கருவாட்டின் பக்கம். ஆனால் மகன் பொதுச் சமையலறையில் நாலைந்து பேரோடு சமைக்கப்போகிறான். ஜன்னலெல்லாம் குளிருக்கு மூடியிருக்கும். நான் ஒரு ரசத்துக்கு மிளகாய் வற்றல் கிள்ளிப் போட்டுத் தாளித்ததற்கே புகை அலாரம் அலறி, மாடியில் இருந்த அத்தனை பேரும் ராத்திரி ஏழரை மணிக்கு வீட்டுச் செருப்போடு வாசலில் போய் நின்றார்கள். என்ன எரிந்தது என்று கேட்டார்கள். எரியவில்லை, தாளித்தேன் என்று எந்த மொழியில் சொல்வது? அதற்கப்புறம் ஜன்னலைத் திறந்து, அடுப்புக்குமேல் இருக்கும் காற்றாடியைப் போட்டு, எண்ணெய் சூடாகும்போதே கடுகைப் போட்டு, மூடிவிடுவேன். கருவாட்டைப் பொடித்துக் கருவாட்டுப்பொடியாகக் கொடுத்துவிடுங்கள். சுடுசோற்றில் பிசைந்து அவன் அறையில் சாப்பிடட்டும், ஊரைக் கூட்ட வேண்டாம்.

குக்கர் கொடுப்பதாக இருந்தால், அலுமினியக் குக்கர் இண்டக்ஷன் அடுப்பில் சூடாகாது. எந்த அடுப்பு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். நம் பிளக் அங்கே நுழையாது, அதற்கு ஒரு மாற்றி வேண்டும். ஆசிரியர்களுக்குக் கொடுக்கச் சின்னதாகப் பத்தமடைப் பாயில் செய்த மேஜை விரிப்பு இரண்டு வைத்துவிடுங்கள். எடை இல்லை, உடையாது. நான் கொண்டுபோன ஒன்றை எங்கள் பேராசிரியை மேஜையில் போடாமல் சுவரில் மாட்டிவிட்டார்.

*

கேள்வி: மாதம் எவ்வளவு செலவாகும்? கல்விக்கடன் வாங்குவதா வேண்டாமா?
— தென்காசி வாசகர்

பதில்: கடன் விஷயம் உங்கள் வீட்டுக் கணக்கைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். செலவுக்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. ஜெர்மன் விசாவுக்கு, தங்கும் காலத்துக்கான பணத்தை, மாதாமாதம் ஒரு பங்கு மட்டுமே எடுக்க முடிகிற முடக்கக் கணக்கு ஒன்றில் போட்டுக் காட்டச் சொல்வார்கள். 2024 செப்டம்பரிலிருந்து அது மாதம் 992 யூரோ, முழு ஆண்டென்றால் 11,904. வாடகையும் மருத்துவக் காப்பீடும் அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். முதல் மாதம் மட்டும் முன்பணம், போர்வை, பாத்திரம் என்று கூடப் போகும். முடக்கிய பணம் உடனே கைக்கு வராது, ஆகவே இரண்டு மூன்று வாரத்துக்காவது ரொக்கமாகவோ வேறு அட்டையிலோ வைத்திருக்க வேண்டும். குளிர்ச்சட்டையை இங்கே வாங்காதீர்கள், நம் கடைகளில் விற்பது கொடைக்கானல் குளிருக்குத்தான் ஆகும். அங்கே பழைய சாமான் சந்தையில் நல்லதாகக் கிடைக்கும். பிளாஸ்டிக் பாட்டிலைத் தூக்கி எறியக் கூடாது, பெரும்பாலானதற்கு 25 சென்ட் வைப்புப்பணம் உண்டு, கடை எந்திரத்தில் போட்டால் திரும்பி வரும். டிராமில் பயணச்சீட்டு இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ. என்னிடம் சீட்டு இருந்தது, வேறு கைப்பையில். மறுநாள் கொண்டுபோய்க் காட்டியதால் 7 யூரோவோடு விட்டார்கள்.

*

கேள்வி: அக்கா, நான் தமிழ்வழியில் படித்தவன். ஆங்கிலத்தில் எழுதிவிடுவேன், பேச நாக்கு வராது. அங்கே வகுப்பில் எல்லாரும் கேள்வி கேட்பார்களாமே? கிளம்பும் முன்பே வயிற்றைக் கலக்குகிறது.
— ஒரு மாணவர், சங்கரன்கோவில்

பதில்: தம்பி, நான் முதல் வகுப்பில் கேள்வியே கேட்கவில்லை. ஏனென்றால் முதல் வகுப்புக்கே நான் போகவில்லை. அட்டவணையில் 10 என்று போட்டுப் பக்கத்தில் இரண்டு சின்ன எழுத்து இருந்தது. பத்து மணிக்கு டாணென்று போனேன். அறையில் ஈ காக்கை இல்லை. பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, இடம் மாறிவிட்டது போலிருக்கிறது என்று கட்டடம் கட்டடமாகத் தேடி, கடைசியில் அழுகையை அடக்கிக்கொண்டு அறைக்கு வந்துவிட்டேன். அந்த இரண்டு எழுத்துக்கு அர்த்தம், வகுப்பு கால்மணி நேரம் கழித்துத் தொடங்கும் என்பது. ‘கல்விக் கால்மணி’ என்று பழைய வழக்கம். மற்ற எல்லாவற்றிலும் நிமிஷம் தவறாத ஆட்கள் இதில் மட்டும் நம்மைக் கவிழ்த்துவிடுவார்கள்.

இரண்டாவது வாரம் வகுப்பு முடிந்ததும் எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள். பேராசிரியரை வெளியே போகச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். அதுதான் அங்கே கைதட்டல். மதிப்பெண்ணும் தலைகீழ். 1.0 உச்சம், 4.0 தேறியதற்குக் கடைசி வரம்பு, 5.0 தோல்வி. பருவ முடிவில் ‘1.7 வாங்கிருக்கேன்பா’ என்று அப்பாவிடம் சந்தோஷமாகச் சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, ‘நூத்துக்காம்மா?’ என்றார்.

பேச்சுக்கு ஒரு வழி. ‘டாண்டம்’ என்று ஒரு ஏற்பாடு பல பல்கலைக்கழகங்களில் உண்டு. நீ உன் மொழியைச் சொல்லிக்கொடு, எதிரில் இருப்பவர் அவர் மொழியைச் சொல்லித் தருவார். என் கூட்டாளிக்கு ல, ள, ழ மூன்றையும் பிரித்துச் சொல்ல ஒன்றரை மாதம் ஆனது. ‘வாழைப்பழம்’ என்று சொல்ல வைத்துப் பார்ப்பதே எனக்குப் பெரிய ஆறுதல். அவள் தடுமாறுகிற அழகைப் பார்த்துப் பார்த்து என் ஆங்கிலமும் ஜெர்மனும் கூச்சம் விட்டுப்போனது. வகுப்பில் வாய் திறக்க எனக்கு நவம்பர் நடு ஆயிற்று. நீ அவசரப்படாதே.

*

கேள்வி: அம்மா, நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். டோனாவூர் என்ற பெயரே ஜெர்மன் பிரபு ஒருவருடையது என்று என் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஹாலே என்றதும் தரங்கம்பாடி ஞாபகம் வந்தது. அங்கே தமிழ் சம்பந்தமாக ஏதாவது பார்த்தீர்களா?
— ஆசிரியர், களக்காடு

பதில்: ஐயா, இந்தக் கேள்வி வராதா என்று காத்திருந்தேன். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து 1838இல் இறக்கும்வரை பெரும்பாலும் நம் பக்கத்திலேயே ஊழியம் செய்த மிஷனரி ரேனியஸ், பிரஷ்யா என்ற பழைய ஜெர்மன் அரசில் பிறந்தவர். டோனா பிரபு அனுப்பிய நன்கொடையில் அவர் உண்டாக்கிய குடியிருப்புதான் டோனாவூர். ஆனால் அவர் ஹாலேக்காரர் அல்ல. ஹாலேயில் சில காலம் படித்தவர் 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு. அங்கே பிராங்கே என்பவர் 1698இல் தொடங்கிய அனாதை இல்லமும் பள்ளிகளும் ஒரு தெருவுக்கு நீண்டு இன்றும் நிற்கின்றன. தரங்கம்பாடிக் குருமார்கள் ஹாலேக்குக் கட்டுக்கட்டாகக் கடிதமும் ஓலைச்சுவடியும் அனுப்பியிருக்கிறார்கள். எல்லாம் அங்கே ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.

வெளிநாட்டு மாணவர்களை ஒருநாள் அங்கே கூட்டிக்கொண்டு போனார்கள். கொலம்பியா, போலந்து, சீனா என்று பதினைந்து பேர். வழிகாட்டிய அம்மா ஒரு ஓலையைக் காட்டி, இது தமிழ், இங்கே யாருக்காவது தெரியுமா என்று சும்மாதான் கேட்டார். கையைத் தூக்கினேன். எல்லாரும் வழிவிட்டார்கள். கிட்டே போய்ப் பார்த்தால், ஐயா, என்னத்தைச் சொல்ல, ஒரு வரி ஓடவில்லை. புள்ளி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, ரகரமும் காலும் ஒரே மாதிரி. முப்பது கண் என்னையே பார்க்கிறது. கடைசியில் ‘வந்த’ என்று ஒன்றும் ‘பிள்ளை’ என்று ஒன்றும் பிடிபட்டன. அதைச் சத்தமாக வாசித்தேன். மேஜை இல்லாததால் சுவரைத் தட்டினார்கள். அறைக்கு வரும் வழியெல்லாம் உங்களைப் போன்ற தமிழாசிரியர் யாராவது அந்த நேரம் பக்கத்தில் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

கோயில் கேட்டு வேறு இரண்டு பேர் எழுதியிருந்தார்கள், இதிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் மேற்கே ஹாம் என்ற ஊரில் ஈழத்தமிழர் கட்டிய காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. 2002இல் குடமுழுக்கு. கோபுரம், தேர் எல்லாம் உண்டு. ஹாலேயிலிருந்து ரயிலில் பல மணி நேரம் என்பதால் நான் போகவில்லை, இன்றைக்கும் அம்மா அதைச் சொல்லிக் காட்டுவாள்.

*

கேள்வி: எல்லாரும் போவதைப் பற்றியே கேட்பார்கள். திரும்பி வரும்போது என்ன நடைமுறை?
— ஒரு வாசகர், வண்ணார்பேட்டை

பதில்: வந்தேன் என்று பதிந்த மாதிரியே போகிறேன் என்றும் பதிய வேண்டும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அதைச் செய்யலாம். காப்பீடு, வங்கி, போன் மூன்றையும் எழுத்தில் முடிக்க வேண்டும், வாயால் சொன்னால் எடுபடாது. அறையைத் துடைத்து, அடுப்பைச் சுரண்டி, பராமரிப்பாளரிடம் காட்டினால்தான் முன்பணம் திரும்பி வரும். என் அறை பளிச்சென்று இருந்தது. அஞ்சல் பெட்டியில் நான் ஒட்டிய பெயர்ச்சீட்டு மட்டும் பாதிதான் உரிந்தது. என் பெயர் கையோடு வந்துவிட்டது, அப்பா பெயர் வரவே இல்லை. அதற்காக 10 யூரோ பிடித்துக்கொண்டார்கள். இதை அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அவர் இந்தப் பத்திரிகையை வாசிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.